கான்பெரா என்று சொன்னேன்

ஜெட் விமானத்தை முன்னால் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது. சத்தம் கேட்டு நாம் நிமிர்வதற்குள் அது தலையைத் தாண்டிப் போயிருக்கும். கண்ணில் படுவது அதன் பின்பக்கம்தான், அதிலும் புகை கக்கும் குழாயின் வாய். அறுபத்தைந்தாம் வருஷம், வடக்கே சண்டை மூண்ட சமயத்தில், விமானப்படை அதிகாரி ஒருவர் ஸ்ரீரங்கத்துக்கு வந்து இதைச் சொல்லிக்கொடுத்தார். நான் டிராயிங் டீச்சராக இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஹாலில்தான், தொண்டர்களாகப் பேர் கொடுத்த எங்களுக்கு வகுப்பு நடந்தது. "பின்பக்கத்தைப் பார்த்துப் பேர் சொல்லணும்" என்று அவர் சொன்னதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்குள், என் வாயிலிருந்து வந்த ஒரு பேரால், பிழைத்திருக்க வேண்டிய ஒருத்தன் செத்துப்போனான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் சாக இஷ்டமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அதிகாரி பன்னிரண்டு படங்கள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் போஸ்ட் கார்டு அளவு. விமானம் தரையில் நிற்கும்போது நேர் பின்னால் நின்று எடுத்த போட்டோக்கள். நடுவில் பெரிதாக ஒரே வட்டம் இருந்தால் ஹண்டர். அதே வட்டம் சின்னதாகத் தரையை ஒட்டி இருந்தால் நாட். இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு வட்டம், நடுவில் உயரமாக ஒரே வால் என்றால் கான்பெரா. நடுவில் ஒரு வட்டம், அதன் இரு பக்கமும் பின்னால் நீட்டிய இரண்டு கைகள், கைக்கு ஒரு வால் என்றால் வாம்பயர். இப்படியே மற்றதெல்லாம். எதிரியின் விமானங்களும் அதில் உண்டு. வானத்தைப் பார்த்து எது போகிறது, எந்தத் திக்கில் போகிறது என்று போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதான் எங்கள் வேலை. திருச்சிக்கு யார் குண்டு போட வரப்போகிறார்கள் என்று ஊரே கேலி பேசியது. நானும்தான் பேசினேன்.

இருந்ததோ ஒரே செட் படங்கள், ஆகாயத்தைக் கண்காணிக்கிற போஸ்ட்டுகளோ நாலைந்து. டிராயிங் டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கவலைப்படுவானேன் என்று என்னையே நகல் எடுக்கச் சொன்னார்கள். இந்தியன் இங்க்கில் மூன்று செட் போட்டுக் கொடுத்தேன். குழாயின் வாயில் படிந்த கரிகூட விடவில்லை. அதிகாரி ஒரு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது கையால் போட்டதா, அச்சடித்ததா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சை வைத்தார்கள். கார்டைக் காட்டின மாத்திரத்தில் பேர் சொன்னேன், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. என்னை ஒரு போஸ்ட்டுக்கு சீனியர் ஆக்கினார்கள்.

இங்கே என் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினாலு வயதிலிருந்தே இரண்டு முழத்துக்கு அப்பால் எனக்கு எல்லாம் நனைந்த காகிதம் மாதிரிதான். கிட்டத்தில் ஒரு குறையும் இல்லை. எறும்பின் காலை எண்ணி வரைவேன். டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு அது வெளியே வரவே இல்லை.

"கண்ணாடி போட்டுண்டு நின்னா எவன்டி பண்ணிப்பான்?" என்றார்.

அப்பாவை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். எனக்கும் அதே எண்ணம்தான். எங்கள் தெருவில் கண்ணாடி போட்ட ஒருத்திக்கு முப்பது வயசு வரை வரன் தகையவில்லை, அவளை நாங்களே சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டோம். நான் சாமர்த்தியசாலி. குரலை வைத்து மனுஷர்களைத் தெரிந்துகொண்டேன். கடைசி பெஞ்சில் பேசுகிறவளைப் பேர் சொல்லி எழுப்பினால் டீச்சருக்கு முதுகிலும் கண் என்று பிள்ளைகள் நடுங்கினார்கள். பெண் பார்க்க வந்த ஒரு சமயம் மட்டும் மாட்டிக்கொள்ள இருந்தேன். மாப்பிள்ளை என்று நினைத்து அவருடைய சித்தப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டுத் தொலைத்தேன். அந்த வரன் ஏன் நின்றுபோனது என்று அப்பாவுக்கு இன்னும் புரிந்திருக்காது, மனுஷர் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அறுபத்தைந்தில் எனக்கு இருபத்தொன்பது வயசு. கண்ணாடியும் இல்லை, கல்யாணமும் இல்லை.

அப்படிப்பட்டவளை ஆகாயம் பார்க்க உட்கார வைத்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு பழைய சத்திரத்தின் மொட்டை மாடிதான் எங்கள் போஸ்ட். சனி, ஞாயிறு பிற்பகல் என்னுடைய முறை. என்னோடு ஜோடியாகப் போட்டவர் திருச்சி பெரிய கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கார்டு பரீட்சையில் எப்போதும் ஒன்றிரண்டு தப்பு விடுவார். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவர் முதலில் தனக்கு ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாதா என்று நான் சீண்டுவேன். அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் கொள்ளிடத்தின் அக்கரையில் போகிற மாட்டுவண்டியில் எத்தனை மூட்டை என்று சொல்கிற கண் அவருக்கு.

முதல் நாளே அவருக்கு என் சமாசாரம் தெரிந்துவிட்டது. மாடிப்படி ஏறி வந்து பத்தடி தள்ளிப் பேசாமல் நின்றார். வகுப்பில் பார்த்துப் பழகினவர்தான், ஆனாலும் யார் என்று கேட்டேன். கடையின் பேரைச் சொன்னார். அவ்வளவுதான், தொழில்காரருக்கு அது போதாதா. இரண்டு வாரம் பொறுத்து, "டீச்சரம்மா, ஒரு நாள் கடைப்பக்கம் வாங்க. சும்மா ஒரு டெஸ்ட் பாத்துடலாம்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கார்டில் யார் முழு மார்க் என்று கேட்டேன். நீங்கதான் என்றார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதற்குப் பதிலாக எங்களுக்குள் ஒரு ஏற்பாடு தானாக வந்தது. அவர் பார்ப்பார், நான் பேர் சொல்வேன். "ஒண்ணுதான், நடுவுல, பெருசு" என்பார். ஹண்டர் என்று எழுதுவேன். மூன்று மாதத்தில் வந்த ஜெட் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அத்தனையும் நம் விமானங்கள்தான். எல்லாம் சரியாகத்தான் சொன்னோம். நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர், ஒரே பதில். ஒத்துவராவிட்டால் சீனியர் சொல்வதுதான் பதில். அது சட்டம்.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. அந்த வருஷம் பாய் ஒருத்தர் மாடியில் நின்று ஆகாயத்தைப் பார்ப்பதை ஊரில் சில பேர் வேறு மாதிரிப் பேசினார்கள். இவருக்கு அங்கே என்ன வேலை, யாருக்குச் சொல்லப் பார்க்கிறார் என்றெல்லாம் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒரு நாளும் முறை தவறாமல் வந்தார்.

ஐப்பசி பிறந்தபோது சண்டை நின்றிருந்தது. போஸ்ட்டுகளை மட்டும் எடுக்கவில்லை. மூன்று நாளாக மழை. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் கொஞ்சம் விட்டிருந்தது, மேகம் கோபுரத்தைத் தொடுகிற மாதிரி கீழே இறங்கியிருந்தது. எங்கள் போஸ்ட்டுகளுக்கெல்லாம் வார்டன் என்று ஒருவர் உண்டு, ரிட்டயரான ரெவின்யூ அதிகாரி. அன்றைக்கு அவர் குடையும் கையுமாக மேற்பார்வைக்கு வந்து, எனக்கும் பாய்க்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

தெற்கேயிருந்து சத்தம் வெடித்தது. நிமிர்ந்தோம். அதற்குள் அது எங்களைத் தாண்டி வடக்கே கொள்ளிடத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. ரொம்பத் தாழ்வு, மேகத்துக்கு அடியில். எனக்குத் தெரிந்தது பக்கம் பக்கமாக இரண்டு கறுப்பு அழுக்கு, அவ்வளவுதான். உடனே மேகம் மூடிக்கொண்டது.

எப்போதும் பாய்தான் முதலில் வாயைத் திறப்பார். அன்றைக்கு வார்டன் என் பக்கம் திரும்பி, "என்னம்மா அது?" என்றார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வாங்கினவள் நான். தெரியவில்லை என்று சொல்ல நாக்கு வளையவில்லை.

"கான்பெரா" என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்.

பாய் மெதுவாக, "நடுவுல ஒண்ணு மாதிரி தெரிஞ்சுதுங்க" என்று ஆரம்பித்தார். வார்டன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களைக் கேக்கலையே பாய்."

கான்பெரா ஒன்று, வடக்கு நோக்கி, மணி இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டை பாயிடம் நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு ஒரு தடவை வடக்கே பார்த்தார். பிறகு போட்டார். கீழே போய் போன் பண்ணினேன். வார்டன் சபாஷ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாய் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். உட்காரக்கூட விடவில்லை.

"டீச்சரம்மா, அது வாம்பயருங்க. ரெண்டு வாலு தனித்தனியாப் பாத்தேன். குழாய் நடுவுல ஒண்ணுதான். போன் போட்டு மாத்திச் சொல்லிடலாம்ங்க."

அவர் சொன்னவுடனே எனக்கு அது சரி என்று பட்டுவிட்டது. நான் பார்த்த இரண்டு அழுக்கும் வாம்பயரின் இரண்டு கைநுனி. கார்டில் அதை நானே வரைந்திருக்கிறேன், மூன்று தடவை. ஆனால் மாற்றிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கண்ணைப் பரீட்சை பண்ணுவார்கள். ஊருக்குத் தெரியும். எழுதினது எழுதினதுதான் என்றேன். அத்தோடு நிறுத்தியிருந்தால்கூட என்னை நான் கொஞ்சம் மன்னித்திருப்பேன்.

"நீங்க தனியாப் போய் வேற மாதிரி சொன்னா உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சீங்களா பாய்? காலம் நல்லா இல்லை. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?"

கரிசனமாகப் பேசுகிற மாதிரிதான் சொன்னேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தே சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்திருப்பார் போலிருக்கிறது, முகம் எனக்குத் தெரியவில்லை. அப்புறம் கைப்பிடிச்சுவர் ஓரமாகப் போய் வடக்கே பார்த்து நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை அறைக்குப் போன் வந்தது, எனக்குத்தான். யாரோ ஒரு அதிகாரி பேசினார். பயிற்சிக்குப் போன வாம்பயர் ஒன்று சனிக்கிழமையிலிருந்து திரும்பவில்லை, அதில் இரண்டு பேர் இருந்தார்கள், கடைசியாக ரேடியோவில் பேசினது கடற்கரைக்குப் பக்கத்திலிருந்து. உங்கள் போஸ்ட்டைத் தாண்டி அந்த மாதிரி ஏதாவது போனதா என்று கேட்டார். தலைமை ஆசிரியை எதிரில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பேனா நின்றுவிட்டது, கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லை சார். எங்க போஸ்ட்ல பாத்தது கான்பெரா."

"நிச்சயமாவாம்மா?"

"நிச்சயமா."

அன்றைக்கு உண்மையிலேயே ஒரு கான்பெரா அந்தப் பக்கம் பறந்திருந்ததாம். அதனால் நான் எழுதினது கச்சிதமாகப் பொருந்திப்போயிற்று. வடக்கே யாரும் போகவில்லை. கிழக்கே கடலில் தேடினார்கள். மீன்பிடிப் படகுகளையெல்லாம் கூட்டிக்கொண்டு தேடினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் வடக்கே பச்சைமலையில் ஆடு மேய்க்கிறவர்கள் கண்டுபிடித்தார்கள். வார்டன்தான் மாடிக்கு வந்து சொன்னார். ஒருத்தன் விமானத்தோடேயே போய்விட்டான். இன்னொருத்தன் பாராசூட்டில் குதித்திருக்கிறான். கால் எலும்பு முறிந்திருக்கிறது. பாராசூட் துணியைக் கிழித்துக் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறான். தவழ்ந்து தவழ்ந்து சுள்ளி பொறுக்கிக் குவித்திருக்கிறான், புகை போட்டால் மேலேயிருந்து பார்ப்பார்கள் என்று. எல்லாம் மழையில் ஊறின சுள்ளி. பக்கத்தில் கிழித்துப் போட்ட தீக்குச்சிகள் கிடந்தனவாம். நாலு நாளாவது உயிரோடு இருந்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். வயசு இருபத்துமூன்று.

நாலு நாள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். நான் போனில் நிச்சயமா என்று சொன்னபோது அவன் அங்கே சுள்ளியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். இந்தக் கணக்கு அன்றைக்கு மாடியிலேயே எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது என்னை விடவே இல்லை. அடைமழைக் காலத்தில் தீப்பெட்டி நமத்துப்போய்க் குச்சி பற்றாவிட்டால் நான் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். பற்றுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் உள்ளே போகமாட்டேன். வீட்டில் பைத்தியம் என்கிறார்கள். இருக்கட்டும். ஆகாயத்தில் சத்தம் கேட்டால் இன்றும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பார்க்காமலேயே நடுவில் ஒரு வட்டமும் இரண்டு பக்கம் இரண்டு கையும் தெரியும், கரியோடு தெரியும்.

ஒரு வாரம் கழித்து முதலில் வகுப்பெடுத்த அதே அதிகாரி விசாரணைக்கு வந்தார். மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவருடைய பன்னிரண்டு படங்களையும் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கைக்கெட்டும் தூரம். வாம்பயர் வந்தபோது வாம்பயர் என்றேன், கான்பெரா வந்தபோது கான்பெரா என்றேன். பன்னிரண்டும் சரி.

"நல்ல கண்ணும்மா உங்களுக்கு" என்றார். அதையே காகிதத்திலும் எழுதினார். பார்த்தது கான்பெராதான் என்று முடிந்துபோயிற்று. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பாவி, நன்றி சார் என்றுகூடச் சொன்னேன்.

பாயை உள்ளே கூப்பிட்டு, நோட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தார் என்று நினைத்துக்கொண்டால் எனக்குச் சுகமாக இருக்கும். அப்படி நினைக்க மாட்டேன். பயந்துதான் பேசாமல் இருந்தார். அந்தப் பயத்தை மாடியில் வைத்து அவருக்குள் போட்டவள் நான்.

அந்த மாதக் கடைசியில் போஸ்ட்டுகளை எடுத்துவிட உத்தரவு வந்தது. எங்கள் கடைசிச் சனிக்கிழமை பாய் ஒரு மரப்பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்து, கண் டெஸ்ட் பண்ணுகிற கனமான பிரேமை எடுத்தார். உக்காருங்க என்றார். உட்கார்ந்தேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. பிரேமை என் மூக்கில் வைத்து, வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் போட்டு எடுத்தார். இதுவா, அதுவா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் என் தோளைத் தொடாமல் நாற்காலியைப் பிடித்து வடக்குப் பக்கமாகத் திருப்பினார்.

"இப்பப் பாருங்க டீச்சரம்மா."

முதல் நாள் பெய்த மழையில் ஆகாயம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தென்னை ஓலை கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. கொள்ளிடத்து மணலில் யாரோ துவைத்துப் போட்ட வேட்டிகள் தெரிந்தன, ஒவ்வொன்றாக எண்ணலாம். அக்கரையில் வயல், மரங்கள். அதற்கும் அப்பால், ஆகாயம் தரையைத் தொடுகிற இடத்தில், நீலமாக என்னவோ நீளப் படுத்திருந்தது.

"அது என்ன பாய், மேகமா?"

"மலைங்க. பச்சைமலை."

"இங்கேருந்து தெரியுமா?"

"மழை விட்டாத் தெரியும்ங்க. அன்னிக்கு மேகம் மறைச்சிருந்துது. அந்த பிளேன் நேரா அதைப் பாத்துத்தான் போச்சு."

மூன்று மாதம் அதே நாற்காலியில், அதே திக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் ஒரு மலை இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரேமின் கனத்தில் மூக்கு வலித்தது, வில்லைக்கு அடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டது, அப்போதும் மலை தெரிந்தது. கழற்றிவிடட்டுமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன்.